மாப்பிள்ளையோடு பேசாத சிப்பாய்

என் அண்ணன் போருக்குப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் ஒரே ஒரு மனிதரைத்தான் துப்பாக்கியால் குறி பார்த்தான். அந்த மனிதர் என் வீட்டுக்காரர்.

இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில் எது கேட்க நன்றாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். சரித்திரம் எழுதுகிறவர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவன். நகக்கண்ணில் எப்போதும் யார் வீட்டுச் சுவராவது ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இழவு வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பான், பிறகுதான் மனிதர்களைப் பார்ப்பான். ஏணி மேல் நின்றால் ராஜா. பாட்டென்ன, பேச்சென்ன! கீழே இறங்கினால் வாயில் பூட்டு. ரோஷத்துக்கு மட்டும் மேலே கீழே என்ற பேதம் கிடையாது.

என் வீட்டுக்காரர் தபால் ஆபீசில் ஸ்டாம்ப் விற்கிறவர். மூக்குக்கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் போல இருக்கும். வரிசையை விட்டு விலகி நின்று யாராவது சத்தம் போட்டால், மந்திரியாக இருந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அது அவருடைய கொள்கை. கொள்கை உள்ள மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு என் கஷ்டம் தெரியும்.

நாங்கள் தனிக்குடித்தனம் வந்தபோது, முன்னறைச் சுவருக்கு அண்ணன் தன் செலவில் வெளிர்பச்சை அடித்துக் கொடுத்தான். தங்கைக்குச் சீர் என்று பெருமையோடு செய்தான். வீடு பார்க்க உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் கண்ணாடியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துச் சுவரைப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். ஜன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் திட்டுத்திட்டா இருக்கு, இல்ல?"

அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னான்.

"சுவத்துல ஒண்ணும் இல்லம்மா. முதல்ல கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு வந்து பாக்கச் சொல்லு."

அவ்வளவுதான். அன்றோடு மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் பேச்சு நின்றது. "அவர் வந்து பேசட்டும்" என்று இவர். "அவர் முதல்ல வாயைத் திறக்கட்டும்" என்று அவன். நான் நடுவில்.

இந்த நிலைமையில்தான் போர் வந்தது. எதற்காக வந்தது என்று அன்றைக்குப் பேப்பரில் கொட்டை எழுத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. சுவர் சண்டை எதற்காக வந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

தெருத் தெருவாக ஆள் எடுத்தார்கள். ஒரே தெரு என்பதால் இரண்டு பேரையும் ஒரே லாரியில் ஏற்றினார்கள். லாரியின் வலப்பக்கப் பலகையில் அவன், இடப்பக்கப் பலகையில் அவர். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் அம்மா லாரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னாள்: "டேய், நீ வரியோ இல்லையோ, உன் தங்கச்சி புருஷனை முழுசாக் கொண்டுவந்து சேத்துடு. இல்லேன்னா இந்த வாசல்ல கால் வைக்காதே." பெற்றவள் பேச்சைப் பாருங்கள்! அந்தப் பக்கம் என் மாமியார் தன் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "குண்டு வந்தாக் குனிஞ்சுக்கோ. அந்தப் பெயிண்டர் முன்னாடி மட்டும் குனிஞ்சுடாதே."

இரண்டு பிள்ளைகளும் தாய்சொல் தட்டாதவர்கள்.

பயிற்சி முடிந்து காலாட்படையில் ஒரே பிரிவில் போட்டார்கள். அந்தப் பிரிவுக்கு ஒரு சார்ஜென்ட். சூடான எண்ணெயில் விழுந்தது போல நொடிக்கு ஒரு தரம் வெடிப்பார் என்பதால் அவருக்குப் பேர் கடுகு. சொந்தப் பேரைச் சொல்லி அவர் மனைவியாவது கூப்பிட்டாளோ என்னவோ. இன்னொருவர் சைக்கிள் ரிப்பேர்க்காரர். பதுங்கு குழியில் அண்ணனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் படுக்கும் பாக்கியம் அவருக்குத்தான் வாய்த்தது. நாளடைவில் எல்லோரும் அவரைப் பாலம் என்றே கூப்பிட்டார்கள்.

பாலம் நல்ல மனிதர். ஒரு பக்கம் கேட்டதை மறு பக்கம் அப்படியே சொன்னால் எதிரியை எதிர்பார்க்க வேண்டாம், குழிக்குள்ளேயே போர் முடிந்துவிடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு. கால் என் வாய்க்குள்ள வருது" என்பான் அண்ணன்.

பாலம் திரும்பி, "உங்களுக்குக் கால் நீட்ட இடம் பத்துதான்னு மச்சான் கேக்கிறாரு" என்பார்.

"பத்தலைன்னு சொல்லுங்க. அவர் வாயை மூடினா எல்லாருக்கும் இடம் இருக்கும்."

பாலம் இந்தப் பக்கம் திரும்புவார். "நீங்க நல்லாத் தூங்கணும்னு மாப்பிள்ளை சொல்றாரு."

மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் படுத்திருந்தார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமலா இருக்கும்? ஆனாலும் பாலம் வழியாக வந்தால்தான் வந்ததாகக் கணக்கு.

ராணுவம் ஆளுக்குத் தகுந்த வேலை கொடுக்கும் என்பார்கள். தபால் ஆபீஸ்காரர் என்றால் டெலிபோன் தெரியும் என்று முடிவு செய்து, என் வீட்டுக்காரர் கையில் குறடைக் கொடுத்துக் கம்பி இணைக்கச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டாம்பைக் கோடு பிசகாமல் கிழிப்பது மட்டும்தான். அண்ணனுக்கோ பிரிவின் தலைக்கவசங்களுக்கெல்லாம் மண்ணோடு மண்ணாகத் தெரியும்படி வண்ணம் அடிக்கிற வேலை. அடித்து வெயிலில் காயவைத்திருந்தான். பார்வையிட வந்த கேப்டன் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பிரமாதம்! யாருய்யா இது? இவ்வளவு அருமையாத் திட்டுத்திட்டா யாரும் அடிச்சு நான் பாத்ததில்ல!"

அண்ணனுக்குச் சல்யூட் அடிக்கிற கை பாதியில் நின்றுவிட்டதாம். பின்வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் பாலத்திடம் சொன்னது: "கேட்டுக்கிட்டீங்களா? சர்க்காரே சொல்லிடுச்சு."

அன்று முழுக்க அண்ணன் சாப்பிடவில்லை. படைக்குள் அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஆனால் அம்மா சொன்னதை அவன் மறக்கவில்லை. தன் காய்ந்த காலுறையைக் கழற்றிப் பாலத்திடம் கொடுத்து, "ஸ்டோர்ல மிச்சம் இருந்துச்சுன்னு சொல்லிக் கொடு" என்பான். அவருக்கு இருமல் வந்தால் அந்த வாரம் அவர் முறைக் காவலை இவன் நிற்பான். முதல்முறை பீரங்கிக் குண்டுகள் பக்கத்தில் விழ ஆரம்பித்ததும் அண்ணன் பாலத்தைத் தாண்டிக் குதித்து என் வீட்டுக்காரர் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். மண்ணும் கல்லும் முதுகில் கொட்டின. கீழே இருந்து நசுங்கிய குரல் வந்தது.

"பாலம்... மேல படுத்திருக்கிறவரை இறங்கச் சொல்லுங்க. மூச்சு முட்டுது."

"குண்டு நின்னதும் இறங்குவேன்னு சொல்லு" என்றான் அண்ணன், மாப்பிள்ளையின் காதுக்குள்ளேயே.

இப்படியே போரை நடத்தி முடித்திருக்கலாம். பாலத்துக்குப் பொன்னுக்குவீங்கி வந்துவிட்டது. இரண்டு கன்னமும் பலூன் மாதிரி வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், அவரைப் பின்னால் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிரியின் விமானம் எத்தனையோ பாலங்களை உடைத்தது. அந்தப் போரில் உருப்படியாகச் சேதம் செய்தது இந்த ஒரு வியாதிதான்.

அவர் போன மறுநாள் காலை, எதிரே நீட்டிய கையே தெரியாத அளவுக்குப் பனி. முன்னால் இருந்த கண்காணிப்புக் குழிக்குப் போகும் டெலிபோன் கம்பி எங்கேயோ அறுந்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் குறடோடு அனுப்பினார்கள். அவர் போன பிறகு காவல் மாறியது. புதிதாக வந்து நின்றது என் அண்ணன். பக்கத்துப் பிரிவில் யாரோ ஒருவன் காவலில் தூங்கி மாட்டிக்கொண்டதால், அன்றைக்குக் கடுகே நேரில் வந்து அண்ணனின் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

காவல் விதி சுலபம். வருகிறவனை யார் என்று கேட்க வேண்டும். அவன் அன்றைய அடையாளச் சொல்லைச் சொல்ல வேண்டும். இரண்டாம் தரமும் கேட்கலாம். மூன்றாவதாகக் கேள்வி கிடையாது, குண்டுதான். அடையாளச் சொல்லைத் தினமும் கேப்டன் தேர்ந்தெடுப்பார். அவருக்குக் காய்கறியை விட்டால் வேறு எதுவும் தோன்றாது. அன்றைக்குச் சுரைக்காய்.

பனிக்குள் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு உருவம் வந்தது, நின்றது. சட்டை நுனியைத் தூக்கி முகத்தருகே எதையோ துடைத்தது. மறுபடி நடந்தது. மறுபடி நின்று துடைத்தது.

உலகத்தில் எந்தப் படையிலும் நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று கண்ணாடி துடைக்கிற சிப்பாய் ஒருவர்தான் இருக்க முடியும். அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கடுகுக்குத் தெரியவில்லை.

"கேளுடா!" என்றார் கடுகு.

"நில்! யாருடா அங்கே?" என்று அண்ணன் கத்தினான். கற்றுக்கொடுத்த வாசகம் அது.

உருவம் நின்றது. பதில் இல்லை.

ஏன் பதில் சொல்லவில்லை என்று பிற்பாடு நான் இவரைப் பிடித்து உலுக்கினேன். "எனக்குக் குரல் தெரிஞ்சுது" என்றார். "அது காவலுக்காகக் கேட்டது. நான் பதில் சொன்னா, முதல்ல பேசினது நான்னு ஆயிடாதா? தவிர, கட்டிக்கொடுத்த தங்கச்சி புருஷனை 'யாருடா'ன்னா கேப்பாங்க? நடுவுல ஆள் வெச்சுக் கேக்கட்டும்னு நின்னேன்."

நடுவில் வைப்பதற்கு ஆள் ஆஸ்பத்திரியில் கன்னம் வீங்கிப் படுத்திருந்தார்.

"ரெண்டாவது தரம் கேளு!"

"யாருடா அங்கே? அடையாளம் சொல்லு!"

கண்ணாடி துடைக்கிற கை மட்டும் அசைந்தது.

கடுகு அண்ணனின் காதருகே குனிந்தார். "எதிரிதான். குறி பாரு."

அண்ணன் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தான். பிற்பாடு என்னிடம் சொன்னான்: "இது மாப்பிள்ளைதான் சார்னு கடுகுகிட்ட சொல்ல வாயைத் திறந்தேன். 'வாயை மூடு, சுடு'ன்னுட்டார். சுடலேன்னா அவரே பிடுங்கிச் சுட்டுடுவார். கடுகு குறி தப்பாது. ஒரே வழிதான் இருந்துச்சு. அந்த ஆள் பேசணும். அதுக்கு நான் பேசணும். காவக்காரன் மாதிரி இல்ல, மனுஷன் மாதிரி."

நாள் முழுக்க ஏணி மேல் நின்று பாடுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வாய்க்கு வர அவ்வளவு நேரம் ஆயிற்று. அம்மா முகமும் என் முகமும் தெரிந்ததாம். என் முகம் தெரிந்ததற்காக நான் நெகிழ்ந்துபோனேன். "சுவரைப் பத்திக் கேட்டப்போ நீ முழிச்ச பாரு, அந்த முகம்" என்று அதையும் கெடுத்தான்.

கடுகு துப்பாக்கிக்குக் கை நீட்டிய நேரத்தில் அண்ணன் கத்தினான்.

"மாப்பிள்ளை! உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கிறேன், வாயைத் திறங்க மாப்பிள்ளை!"

கடுகு வெடித்தார். "எதிரியை மாப்பிள்ளைங்கிறியா! மூளை கலங்கிடுச்சாடா உனக்கு?"

பனிக்குள்ளிருந்து, வரிசையில் நின்ற வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற நிதானத்தில், ஒரு குரல் வந்தது.

"ஜன்னல் பக்கம் திட்டுத்திட்டாத்தான் இருந்துச்சு."

"இதுவா சுரைக்காய்?" என்றார் கடுகு.

"சார்" என்றான் அண்ணன், துப்பாக்கியைத் தாழ்த்தி. கண்ணில் தண்ணீர் வழிந்ததாம். பனி என்று அவன் சொல்கிறான். "இதை விடப் பெரிய அடையாளம் எதிரிகிட்ட இருக்காது சார். சுடாதீங்க. இது என் தங்கச்சி வீட்டுக்காரர்."

சொல்லி முடித்ததும் பயம் போனது. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"என்ன திட்டு? எங்க திட்டு? மூணு பூச்சு அடிச்சேன்யா அந்தச் சுவத்துக்கு! காயறதுக்குள்ள நீங்க ஜன்னலைத் திறந்து வெச்சா?"

"ஜன்னல்னா திறக்கத்தான் வெச்சிருக்காங்க, மச்சான்!"

"வந்தவங்க முன்னாடி சொல்லணுமா? தனியாக் கூப்பிட்டுச் சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"கண்ணாடியைத் தொடைக்கச் சொன்னீங்களே, அது மட்டும் தனியாவா சொன்னீங்க?"

சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் இரண்டு பேரும் அந்தப் பனியில் கொட்டினார்கள். கடுகு நடுவில் புகுந்து, "டேய், போர் நடக்குதுடா, மெதுவா!" என்று கெஞ்சினார். கடுகு கெஞ்சியதைப் பார்த்தவர்கள் அந்தப் படையில் வேறு யாரும் இல்லை.

அப்போது என் வீட்டுக்காரருக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

இது வரைக்கும் இரண்டு பேர் கதையும் ஒத்துப்போகும். இனி வருவது அண்ணன் சொன்னது. பனியில் வழி தவறிய எதிரிச் சிப்பாய் ஒருவன், முன்னால் போகிறவர் தன் ஆள் என்று நம்பி என் வீட்டுக்காரரின் பின்னாலேயே வந்திருக்கிறான். அவர் நின்றபோது நின்று, நடந்தபோது நடந்திருக்கிறான். சண்டை ஆரம்பித்ததும் ஓடத் தோன்றாமல் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கடுகு பாய்ந்து துப்பாக்கியை நீட்டியதும் கைகளைத் தூக்கினான். மொழி தெரியாது. தூக்கிய கையில் மோதிர விரலைக் காட்டி, இவரைக் காட்டி, அண்ணனைக் காட்டி, அழுகிற பெண் மாதிரி முகத்தை வைத்துப் புருவத்தை உயர்த்தினான். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினான். எதிரி தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினான். அவனுக்கு இரண்டு மாப்பிள்ளைகளாம்.

எந்த அளவுக்கு நம்பலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். கைதி ஒருவன் பிடிபட்டது மட்டும் நிச்சயம். கடும் பனியிலும் தன்னந்தனியாக எதிரியை மடக்கிப் பிடித்த வீரத்துக்காகக் கடுகுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். காவலில் அடையாளம் தெரியாத நபரை மாப்பிள்ளை என்று அழைத்ததற்காக அண்ணனுக்கும், சுரைக்காய் சொல்ல மறுத்ததற்காக என் வீட்டுக்காரருக்கும் தண்டனை. இரண்டு பேரும் சேர்ந்து பிரிவுக்குக் கக்கூஸ் குழி வெட்ட வேண்டும்.

குழிக்குள் ஒருவர் வெட்ட ஒருவர் மண் அள்ளினார்கள். குழி ஆழம் போகப் போகப் பேச்சும் ஆழம் போயிற்று. சுவரைப் பேசித் தீர்த்த பிறகு என்னைப் பற்றிப் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று கடைசி வரை இரண்டு பேரும் சொல்லவில்லை. இதில் மட்டும் என்ன ஒற்றுமை! பாலம் கன்ன வீக்கம் வடிந்து திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒட்டி ஒட்டிப் படுத்திருந்தார்கள். அவருக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. வேலை போன வருத்தத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம்.

"ஒருவேளை சுட்டிருந்தா?" என்று ஒரு நாள் இவரிடம் கேட்டேன்.

"யாரு, உங்க அண்ணனா? அவர் அடிக்கிற பெயிண்டே நினைச்ச இடத்துல விழாது. குண்டா விழும்?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "சுட மாட்டார்" என்றார்.

போர் முடிந்தது. ஜெயித்தோம் என்று சொன்னார்கள். எதிர்ப்பக்கத்திலும் அதையேதான் சொன்னார்கள் என்று கேள்வி. லாரி தெருமுனையில் நின்றபோது நான் வாசலில் நின்றிருந்தேன். இவர் முன்னால் வந்தார், இளைத்துப் பாதி உடம்பாக. பின்னால் அண்ணன், தன் மூட்டையோடு இவர் மூட்டையையும் சுமந்துகொண்டு. நேராக அம்மாவிடம் போனான்.

"இந்தாம்மா, ஒப்படைச்சுட்டேன். சரிபாத்துக்கோ. கை ரெண்டு, கால் ரெண்டு. கண்ணாடியில மட்டும் ஒரு கீறல். அது என் கணக்குல வராது."

அம்மா அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். மருமகனைக் கேட்டு அனுப்பியவள், பிள்ளையைத்தான் தடவித் தடவிப் பார்த்தாள்.

எல்லோரும் முன்னறைக்குள் வந்தோம். அக்கம்பக்கத்தார் நிறைந்திருந்தார்கள். இவர் சுவரின் முன்னால் போய் நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இந்தச் சுவத்துல ஒரு திட்டும் இல்ல. மச்சான் கைவேலை மாதிரி வருமா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் சுவரைப் பார்த்தான். மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து அதன் மேல் விழுந்திருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தான். கிட்டே போய் விரலால் தடவினான்.

"இருக்கே" என்றான்.

"என்ன இருக்கு?"

"திட்டு. இங்க பாருங்க. ஜன்னல்கிட்ட."

"இல்ல மச்சான்."

"பெயிண்டர் நான் சொல்றேன், இருக்கு. நாளைக்கே வந்து மறுபடி அடிச்சுடுறேன்."

"வேண்டாம். ஊர் முன்னாடி இல்லைன்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க அடிச்சா என்னைப் பொய்யன்னு ஆக்கினதா ஆகாதா?"

"அப்ப பொய்தானே சொன்னீங்க? எனக்காக விட்டுக்கொடுத்துப் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்டேனா?"

"விட்டுக்கொடுக்கிறவனோட அருமை தெரியாதவங்ககிட்ட என்ன பேச்சு!"

"நானும் பேசலை!"

பதுங்கு குழியும் பனியும் பீரங்கியும் சேர்த்து ஒட்ட வைத்ததை என் வீட்டு முன்னறை ஒரு மாலையில் பிரித்துப் போட்டது. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வருவான். அந்தச் சுவருக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலியில் அவன், அதைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் இவர். காபி ஆறும் வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வர நேரமானால் மற்றவர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். பாலத்தின் வேலை எனக்கு வந்தது. சுவரை யாரும் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் அண்ணனிடம் கேட்டாள்: "மாமா, போர்ல நீங்க செஞ்ச பெரிய வீரச்செயல் எது?"

அண்ணன் யோசித்தான். அதற்குள் தலை நன்றாக நரைத்திருந்தது, நகக்கண்ணில் யார் வீட்டு நீலமோ ஒட்டியிருந்தது.

"முதல்ல பேசினது நான்தான்" என்றான்.

எதிர் நாற்காலியில் இவர் பேப்பரை இறக்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"அது காவக்காரன் கேட்ட கேள்வி, பேச்சுல சேராதுன்னு சொல்லு."

"மாப்பிள்ளைன்னு கூப்பிட்டேன்னு சொல்லும்மா" என்றான் அண்ணன்.

இவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"சரி" என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "அது சேரும்னு சொல்லு."